டப்பாவையே குண்டாக்கிச் சுட்ட கதை

கையால வார்த்த ஈயக்குண்டை எதுல போட்டு வைக்கிறது? கேட்கும்போது சின்னக் கேள்விதான். ஆனா இந்தக் கேள்விக்கு 1803-ல ஒருத்தர் யோசிச்ச பதில், பின்னால 33 உசுரைக் காப்பாத்தி வீடு கொண்டு வந்து சேர்த்தது. அந்த 33-ல ஒண்ணு கைக்குழந்தை. கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே, டீயோட வாங்க.

டாக்டருக்கு எதுக்குய்யா துப்பாக்கி விவகாரம்னு கேட்பீங்க. தமிழ்ல ஓபி சீட்டுல நான் எழுதுறதும் மருந்து, துப்பாக்கிக்குழல்ல இடிக்கிறதும் மருந்து. அந்த உரிமையில பேசுறேன். அதுபோக, இந்தக் கதை முழுக்க காரீயம் இருக்கு. அது எங்க ஏரியா.

முதல்ல அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் புரிஞ்சுக்கணும். நம்ம பக்கத்து நாட்டுத் துப்பாக்கி மாதிரிதான். குழல் வாய் வழியா கருமருந்தைக் கொட்டி, அதுமேல ஈயக்குண்டை வச்சு, கம்பியால இடிச்சு, கீழே தீப்பொறி கொடுத்தா வெடிக்கும். குண்டைக் கடையில வாங்கணும்னு அவசியமில்ல. ஈயம் 327 டிகிரியிலயே உருகிடும், விறகடுப்பு போதும். ஒரு கரண்டி, இடுக்கி மாதிரி ஒரு அச்சு இருந்தா வீட்டுத் திண்ணையிலேயே வார்த்துடலாம். அமெரிக்காவுல 18-ஆம் நூற்றாண்டுல இது ஏறக்குறைய வீட்டு வேலை. நாம வடகம் போடுற மாதிரி.

வீட்டு வேலைன்னு சும்மா சொல்லல. 1776 ஜூலை 9. நியூயார்க்ல சுதந்திரப் பிரகடனத்தை வாசிச்சுக் காட்டுறாங்க. கூட்டம் சூடாகி, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் குதிரைமேல உட்கார்ந்திருக்கிற சிலையைக் கயிறு கட்டிக் கீழே தள்ளுது. அந்தச் சிலை ஈயத்துல செஞ்சு மேலே தங்கமுலாம் பூசினது. உடைஞ்ச துண்டுகள்ல பெரும்பகுதி கனெக்டிகட்ல லிட்ச்ஃபீல்டுங்கிற ஊருக்கு, ஆலிவர் வோல்காட் வீட்டுக்குப் போய்ச் சேருது. அங்க வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ராஜாவை உருக்கிக் குண்டாக்குறாங்க.

யார் எத்தனை செஞ்சாங்கன்னு வோல்காட் ஒரு சீட்டுல எழுதி வச்சிருக்கார். மொத்தம் 42,088. அதுல அவரோட பொண்ணு மேரி ஆன் கணக்கு மட்டும் 10,790. அந்தப் பொண்ணுக்கு அப்போ 11 வயசு. தம்பி ஃப்ரெடரிக், எட்டு ஒன்பது வயசுப் பையன், 936. வரலாற்று ஆசிரியர்கள் இதைத் தேசபக்திக்கு உதாரணமா சொல்லுவாங்க. எனக்கு அந்தச் சீட்டைப் பத்திப் படிச்சப்போ முதல்ல ஓடினது, அந்த 11 வயசுப் பொண்ணு வேலை முடிச்சுட்டு கை கழுவிட்டுத்தான் சாப்பிட்டிருப்பாளாங்கிறது. தொழில் புத்தி.

அவங்க செஞ்சது வெறும் உருண்டை இல்ல, தோட்டா. குண்டையும் ஒரு தடவை சுடுறதுக்கான மருந்தையும் காகிதத்துல சுருட்டி முறுக்கி வைக்கிறது. சிப்பாய் பல்லால கடிச்சுக் கிழிச்சு, மருந்தைக் குழல்ல கொட்டிக் குண்டை உள்ளே தள்ளணும். குண்டு வைக்கிற பாத்திரங்கள்லயே ரொம்ப மலிவானது, ரொம்ப வேகமானது இந்தக் காகிதம்தான்.

அந்தக் காகிதம் என்ன பண்ணும்னு நம்ம நாட்டுக்கு நல்லாவே தெரியும். 1857 ஜனவரியில கல்கத்தா பக்கத்துல டம்டம்ல கிளம்பின பேச்சு: புது என்ஃபீல்டு தோட்டாவோட காகிதத்துல பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கு. கடிச்சா இந்து, முஸ்லிம் ரெண்டு பேருக்குமே மதம் போச்சு. ஏப்ரல்ல மீரட்ல 85 குதிரைவீரர்கள் தோட்டாவை வாங்க மறுத்தாங்க, மே 10-ல கிளர்ச்சி வெடிச்சது. அதுக்கு வேற ஆயிரம் காரணம் உண்டு, தோட்டா மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா குண்டைச் சுத்தியிருந்த காகிதம் ஒரு சாம்ராஜ்யத்தை ஆட்டி வச்சது உண்மை.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்.

மெரிவெதர் லூயிஸ். 1803-ல வயசு 28. ஜனாதிபதி ஜெஃபர்சனோட அந்தரங்கச் செயலாளர். மிசௌரி ஆற்றை எதிர்த்துப் போய், மலை தாண்டி, பசிபிக் கடலைத் தொட்டுட்டுத் திரும்பி வரணும்னு உத்தரவு. கூட வில்லியம் கிளார்க். போற வழியில கடை கிடையாது, கோட்டை கிடையாது, மேப்பே கிடையாது. கொண்டு போறதுதான் கையிருப்பு.

சாப்பாடு? வேட்டைதான். ஒருநாள் முழுக் குழுவும் திருப்தியா சாப்பிட நாலு மான் வேணும், இல்லேன்னா ஒரு காட்டெருமை வேணும்னு லூயிஸே 1805 ஜூலையில டைரியில கணக்கு எழுதியிருக்கார். துடுப்புப் போட்டு, படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துட்டுப் போற உடம்பு, அவ்ளோ கேட்கும். ஆக, மருந்து தீர்ந்தா சாப்பாடு தீர்ந்தது. பாதுகாப்பும் போச்சு.

குண்டு கெட்டுப் போகாது. தண்ணியில நாலு மாசம் கிடந்தாலும் எடுத்துத் துடைச்சுச் சுடலாம். கெட்டுப் போறது கருமருந்து. வெடியுப்பு ஈரத்தை இழுக்கும். ஒரு தடவை நல்லா நனைஞ்சா உப்பு கரைஞ்சு பிரிஞ்சிடும். அப்புறம் காய வச்சாலும் பழைய வேகம் வராது. அந்தக் காலத்துல மருந்து வைக்கிற வழக்கமான பாத்திரம் மரப்பீப்பாய். இரும்பு கூடாது, உரசினா பொறி. ஆனா மரப்பலகை சேர்ற இடத்துல தண்ணி கசியும். மூணு வருஷம் ஆத்துலேயே படகுல போகப்போற ஆளுக்கு மரப்பீப்பாய் சரிவருமா?

இங்கதான் லூயிஸ் மூளை வேலை செஞ்சது. ஈயத்தை எப்படியும் தூக்கிட்டுப் போகணும், குண்டு வார்க்க. அதைக் கட்டி கட்டியா கொண்டு போறதுக்குப் பதிலா, அந்த ஈயத்தைத் தகடாக்கி டப்பா செஞ்சு, மருந்தை அதுக்குள்ள அடைச்சா என்ன?

ஃபிலடெல்ஃபியாவுல 52 டப்பா செய்யச் சொன்னார். ஒவ்வொண்ணும் 8 பவுண்டு ஈயம், உள்ளே 4 பவுண்டு மருந்து. நம்ம தாத்தா பாஷையில 8 ராத்தலுக்கு 4 ராத்தல். ஈயம் உரசினா பொறி வராது. தண்ணி புகாது. துருப்பிடிக்காது.

இந்த 8-க்கு 4-ங்கிறது சும்மா போட்ட கணக்கு இல்ல. அந்தக் காலத்து ரைஃபிள் குண்டு ஒரு பவுண்டுக்கு சுமார் 30 வரும்னு வச்சுக்குங்க. 8 பவுண்டு டப்பாவை உருக்கினா 240 குண்டு. உள்ளே இருந்த 4 பவுண்டு மருந்தை 240-ஆல வகுத்தா ஒரு சூட்டுக்கு ஏழரை கிராம். ஏறக்குறைய ஒரு சூட்டுக்கு வேண்டிய அளவு அதுதான். புரியுதா? டப்பாவைத் திறந்து மருந்தை எடுத்துக் கொம்புல நிரப்பிக்கோ. காலி டப்பாவை வெட்டிக் கரண்டியில போட்டு உருக்கு. மருந்தும் குண்டும் ஒண்ணா தீரும். காலி டப்பான்னு ஒண்ணு மிச்சமே இருக்காது. இதைவிட நல்ல பேக்கிங்கை இன்னிவரைக்கும் நான் பார்த்ததில்ல. ஐஸ்கிரீம் கோன் வேணா கிட்ட வரும்.

1804 மே 14 கிளம்பினாங்க. 1805 மே 14, சரியா ஒரு வருஷம் கழிச்சு, புயல் காத்துல ஒரு பெரிய படகு சாய்ஞ்சு தண்ணி ஏறிடுச்சு. லூயிஸ், கிளார்க் ரெண்டு பேரும் கரையில நின்னு கத்துறாங்க. படகுல இருந்த சகாகவியா, இடுப்புல கைக்குழந்தையை வச்சிருந்த ஷோஷோனி இனத்துப் பெண், பதறாம மிதந்து போற சாமான்களை ஒவ்வொண்ணா பிடிச்சு எடுத்தாங்க. இந்த மாதிரி முழுக்கு ஒண்ணு ரெண்டு இல்ல.

1805 கடைசியில பசிபிக் கரையை அடைஞ்சு, கிளாட்சாப் கோட்டைன்னு மரக்கொட்டகை கட்டி குளிர்காலத்தைக் கழிச்சாங்க. மழைன்னா அப்படி ஒரு மழை. நம்ம ஐப்பசி அடைமழை மாசக்கணக்கா நீண்டா எப்படியிருக்கும், அப்படி. இறைச்சி அழுகுது, துணி இத்துப்போகுது. சரக்கு முந்தின ஜூலை 4-லயே காலி. பண்டமாற்றுக்கு வச்சிருந்த பொருள் எல்லாம் சேர்த்தா ரெண்டு கைக்குட்டையில முடிஞ்சிடலாம்னு லூயிஸ் எழுதுற நிலைமை.

1806 பிப்ரவரி 1. மருந்து டப்பாக்களை எல்லாம் எடுத்துத் திறந்து பார்க்கிறாங்க. திரும்பிப் போக இன்னும் 4,000 மைல். அந்த நிமிஷத்துல அவர் வயிறு எப்படிப் பிசைஞ்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

35 டப்பா மருந்து, போட்டப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே காய்ஞ்சு கிடந்தது. இதுல பல டப்பா மணிக்கணக்கா தண்ணிக்கு அடியில கிடந்தவை. கெட்டுப்போனது அஞ்சுதான். மூணு அடிபட்டு விரிசல் விட்டது, ஒண்ணு வாயைச் சரியா அடைக்காம விட்டது, இன்னொண்ணுல ஆணி குத்தியிருந்தது. 35 டப்பான்னா 140 பவுண்டு மருந்து, 280 பவுண்டு ஈயம். இந்த யோசனை மட்டும் தோணாமப் போயிருந்தா இன்னிக்கு ஒரு சூட்டுக்குக்கூட மருந்து இருந்திருக்காதுன்னு லூயிஸ் தன்னைத்தானே தட்டிக் கொடுத்து எழுதியிருக்கார். தட்டிக்கலாம், தப்பே இல்ல. அந்தக் குளிர்காலத்துல மட்டும் 131 எல்க் மான் சுட்டதா பேட்ரிக் காஸ்ங்கிற சார்ஜண்ட் கணக்கு வச்சிருக்கார். எல்லாம் அந்த டப்பா போட்ட சோறு. கையிருந்த டப்பாக்களையும் ஒரே படகுல வைக்காம எல்லாப் படகுக்கும் பிரிச்சு வச்சாங்க. ஒரு படகு கவிழ்ந்தாலும் மொத்தமும் போகக்கூடாது இல்லையா.

மருந்தை இப்படிப் பாதுகாத்த மனுஷன், என் மருந்து விஷயத்துல கோட்டை விட்டார் பாருங்க. போகும்போது ஒரு பகுதி சாமானைக் குழி தோண்டிப் புதைச்சு வச்சிருந்தாங்க. 1806 ஜூலை 13 திரும்பி வந்து தோண்டினா, குழியில தண்ணி. சேகரிச்ச செடி மாதிரிகள் எல்லாம் அழுகல். மருந்துப் பெட்டியில அபினித் தைலம் இருந்த கண்ணாடிக் குப்பியோட மூடி கழன்று, தைலம் ஓடி மத்த மருந்தையும் சேர்த்து நாசமாக்கிடுச்சு. கையில இருந்த உருப்படியான வலி மருந்து. ஒரு மூடி. ஞாபகம் வச்சுக்குங்க, இதுக்கு மறுபடி வருவோம்.

இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி. குண்டு கெட்டுப் போகாதுன்னு மேலே சொன்னேன் இல்லையா, அதுல ஒரு ஆனா உண்டு. ஈயத்துக்குத் தண்ணியைவிடப் பெரிய எதிரி மரப்பெட்டி. அதுலயும் ஓக் மரம். ஓக் மரத்திலிருந்து லேசா அசிட்டிக் அமில ஆவி, அதாவது வினிகர் ஆவி வந்துக்கிட்டே இருக்கும். மூடின பெட்டிக்குள்ள ஈயம் அதைக் குடிச்சு, காத்துல இருக்கிற கரியமில வாயுவோட சேர்ந்து, மேலே வெள்ளை மாவா பூக்கும். ஓக் அலமாரியில வச்ச ஈயப் பொருட்கள் இப்படிப் பொடிஞ்சு போறது மியூசியக்காரங்களுக்குப் பழகின தலைவலி. மட்டமான அட்டைப்பெட்டியும் இதே வேலையைச் செய்யும்.

ஐரோப்பாவுல நூற்றாண்டுக்கணக்கா பெயின்ட்டுக்கான வெள்ளை நிறத்தை இப்படித்தான் வேணும்னே தயாரிச்சாங்க. மண்பானையில வினிகர், மேலே ஈயச்சுருள், சுத்தி சாணம். சில மாசம் மூடி வச்சா ஈயம் வெள்ளைப் பொடி. ஆக, ஓக் பெட்டியில குண்டு வைக்கிறவன் தெரியாம ஒரு பெயின்ட் ஃபேக்டரி நடத்துறான். உலோக ஈயத்தைவிட இந்தப் பொடி மோசம். கையில ஒட்டும், பறக்கும், வயித்து அமிலத்துல சுலபமா கரையும்.

ஈயம் உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்? சாப்பிட்ட ஈயத்துல பெரியவங்க உடம்பு பத்துல ஒரு பங்கு போல உறிஞ்சும். சின்னப்பிள்ளை உடம்பு பாதி வரைக்கும் உறிஞ்சும். கால்சியம்னு ஏமாந்து எலும்பு அதை வாங்கி வருஷக்கணக்கா பத்திரமா வச்சுக்கும். ரத்தசோகை, மலச்சிக்கல், சுருட்டிப் பிடிக்கிற வயித்துவலி. பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியிலேயே கை வைக்கும். பல் ஈறுல நீலக்கோடு விழும்னு 1840-ல பர்ட்டன்ங்கிற டாக்டர் சொன்னார், இன்னிக்கும் வைவாவுல கேட்பாங்க. அவருக்கு ரொம்ப முன்னாடியே, 1786-ல, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நண்பருக்கு எழுதின கடிதத்துல ஈயத்தைப் பத்தி விலாவாரியா சொல்லியிருக்கார். அச்சுக்கோக்கிறவங்க ஈய எழுத்துகளைத் தீயில காட்டி வேலை செஞ்சா கை விழுந்துடுறது, ஈயக்குழாய் வழியா வடிச்ச ரம் குடிச்சவங்களுக்கு வயித்துவலி வர்றது, எல்லாம் அதுல இருக்கு.

"டாக்டர், எங்க வீட்டு ஈயச்சொம்பு ரசம்?"னு கமெண்ட்ல வரப்போகுது, தெரியும். அந்த ஈயம் வேற. அது வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்புல வச்சா உருகி ஓடுதே, அது 232 டிகிரியில உருகுற உலோகம். நான் பேசுறது காரீயம். தமிழ்ல ரெண்டுக்கும் ஈயம்னே பேர் வச்சதுல வந்த வினை. சுத்தமான வெள்ளீயச் சொம்புல பயமில்ல. மலிவா கிடைக்குதேன்னு காரீயம் கலந்ததை வாங்கிடாதீங்க, அவ்ளோதான்.

நம்ம ஊர்ல யார் குண்டு வார்க்கிறான்னு நினைப்பீங்க. துப்பாக்கிக்கு இல்ல. வலைக்கு. கடற்கரை ஊர்ல வேலை பார்த்தப்போ ஒரு நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாங்க. அடிக்கடி வயித்துவலி, பூச்சி மருந்து கொடுத்தாச்சு, இரும்புச்சத்து டானிக் மாசக்கணக்கா கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறல. "அண்ணே, வீட்டுல என்ன வேலை செய்றீங்க?"ன்னு அப்பாகிட்ட கேட்டேன். "கடலுக்குப் போவேன் சார். இல்லாத நாள்ல வலைக்கு ஈயக்குண்டு உருக்கிப் போடுவேன்." எங்க உருக்குவீங்க? கொல்லையில, பழைய பேட்டரி ஈயத்தை. வார்த்த குண்டை எதுல வைப்பீங்க? அம்மா பதில் சொன்னாங்க: "பால் பவுடர் டப்பாவுல சார். இவன் அதைத்தான் குலுக்கிக் குலுக்கி விளையாடுவான்."

கிலுகிலுப்பை! ஒண்ணோட ஒண்ணு உரசுற ஈயம், டப்பா அடியில சாம்பல் நிறத்துல மாவு, பிள்ளை விரல் நேரா வாய்க்கு. ரத்தத்துல ஈயம் பார்க்க வெளியே அனுப்பினோம், ஏறித்தான் இருந்தது. ஈயத்தை இழுத்து வெளியேத்துற மருந்து கொடுக்கிற அளவுக்கு நல்லவேளை போகல. உருக்குறதை வீட்டை விட்டுத் தள்ளி மாத்தினாங்க, டப்பா பிள்ளை கைக்கு எட்டாத இடத்துக்குப் போச்சு, தரையைத் தண்ணி தொட்டுத் துடைக்கச் சொன்னோம், கால்சியமும் இரும்பும் தொடர்ந்தது. சில மாசத்துல பையன் ஆளே மாறிட்டான்.

அதனால கேள்விக்கு என் பதில்: இறுக்கமான மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பா. குலுங்காம இருக்க நிறைச்சு வைங்க. ஒருகாலத்துல சாப்பாட்டுப் பொருள் இருந்த டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம், ஏன்னா பிள்ளைக்கு அது ஹார்லிக்ஸ் டப்பாதான். அதுமேல "ஈயம்"னு எழுதி ஒட்டினாலும் நாலு வயசுக்குப் படிக்கத் தெரியாது.

லூயிஸ் கதைக்கு ஒரு பாக்கி இருக்கு.

1806 ஆகஸ்ட் 11. வீடு திரும்புற வழி. லூயிஸும் பியர் குருசாட்ங்கிற படகோட்டியும் புதருக்குள்ள எல்க் வேட்டை. குருசாட்டுக்கு ஒரு கண் கிடையாது, இன்னொண்ணும் கிட்டப்பார்வை. பிடில் பிரமாதமா வாசிப்பார். லூயிஸ் போட்டிருந்தது பழுப்பு நிறத் தோல் உடை. டமால். இடுப்பு மூட்டுக்கு ஒரு இஞ்ச் கீழே இடது தொடையில பாய்ஞ்ச குண்டு வலது தொடையையும் கிழிச்சிட்டு நின்னது. லூயிஸ் கூப்பிடக் கூப்பிட பதில் இல்ல. சரி, எதிரிகள்தான் சுட்டாங்கன்னு நினைச்சு ரத்தத்தோட படகுக்கு ஓடி வந்து ஆட்களை உஷார்ப்படுத்தினார். அப்புறம் பார்த்தா, குண்டு அவர் கால்சட்டையிலேயே கிடக்குது. எடுத்துப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு, அது அவங்க குழுவோட ரைஃபிள் குண்டு. அவரே யோசிச்சுச் செஞ்ச டப்பாவுல ஒண்ணா இருந்திருக்கவும் வாய்ப்பிருக்கு!

எலும்புல படல, மூட்டுல நிக்கல. மூட்டுக்குள்ள ஈயக்குண்டு நின்னா மூட்டு நீர் அதை மெதுவா கரைச்சு வருஷக்கணக்கா ரத்தத்துல விடும், அது தனி ஆபத்து. வலிக்கு அபினி? குப்பி போய் ஒரு மாசம் ஆச்சே. புண்ணுக்குள்ள துணித்திரியைச் சுருட்டித் திணிச்சு, சின்கோனா பட்டையை அரைச்சுப் பத்து போட்டார். ஓட்டையைத் தச்சு மூடாம உள்ளிருந்து ஆறவிட்டது நூத்துக்கு நூறு சரி, இன்னிக்கும் அதைத்தான் செய்வோம். செப்டம்பர் 9-ல அவர் நடக்கிறார், ஓடவே செய்றார்னு கிளார்க் எழுதுறார். செப்டம்பர் 23 செயின்ட் லூயிஸ் வந்து சேர்ந்தாங்க.

அவங்க தங்கின இடங்கள்ல பெரும்பாலும் தடயமே கிடையாது. மொன்டானாவுல டிராவலர்ஸ் ரெஸ்ட்னு ஒரு இடம் மட்டும் 2002 வாக்குல தோண்டினப்போ உறுதியாச்சு. கழிப்பறைக் குழியில பாதரசம், ஏன்னா டாக்டர் பெஞ்சமின் ரஷ் கொடுத்தனுப்பின பேதி மாத்திரையில பாதரசம் இருந்தது. கூடவே அடுப்புப் பக்கத்துல, யாரோ உருக்கும்போது சிந்தி உறைஞ்ச கொஞ்சம் ஈயம்.

அந்த மாத்திரைக் கதை இதைவிட நாறும். அதை இன்னொரு நாள் எழுதுறேன்.